நேர்ந்துவிட்ட மொழி

செவ்வாய்க்கிழமைகளில் உவரி கண் விழிக்கும்போதே அந்தோணியார் கோயில் முன்னால் வெளியூர் வேன்கள் நின்றுகொண்டிருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகள் கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டில் ஜாய்சிக்கு அது காதில் ஏறவில்லை. அவளுடைய ஆறு வயது மகன் ஆன்றோ விடிந்ததிலிருந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தான்.

கடித்த இடத்தில் பல் பதிந்து தோல் கன்றிப் போயிருந்தது. கையை மெல்ல விலக்கினால் தலையைச் சுவரில் கொண்டுபோய் மோதினான். ஜாய்சி சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு மோதலும் அவள் கையில் விழுந்தது. காலையில் வைத்த இட்லி தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது. அவன் ஆசையாகத் தின்னும் இட்லி.

ஆன்றோ பேசமாட்டான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. தனக்கு வேண்டியதைச் சொல்ல அவனுக்கென்று சுவரில் ஒரு நீல அட்டை மாட்டியிருந்தது. அதில் ஒட்டி எடுக்கிற மாதிரி சின்னச் சின்னப் படங்கள். தண்ணீருக்கு, தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாயடியில் நிற்கும் அவர்கள் வீட்டுப் பச்சைக் குடம். சோற்றுக்கு அவனுடைய தட்டு. கடற்கரைக்குப் போக அப்பா டெனிஸின் மீன்பிடி வள்ளம். எல்லாம் ஜாய்சி தன் போனில் எடுத்தவை. திசையன்விளையில் கொடுத்து அச்சுப் போட்டு, பிளாஸ்டிக் உறை ஏற்றி, மூலைகள் அவன் விரலைக் குத்தாதபடி ஒவ்வொன்றையும் வட்டமாக நறுக்கியிருந்தாள். வேண்டிய படத்தை எடுத்துவந்து அவன் அவள் கையில் கொடுப்பான். அவள் அதைச் செய்வாள். ஒரு வருஷப் பாடுபட்டு இருவரும் கட்டிய பாலம் அது.

"ஆன்றோ, என்ன வேணும்? எடுத்துத் தா."

அவன் குடத்தை எடுத்து எறிந்தான். தட்டை எறிந்தான். வள்ளத்தை எறிந்தான். கடைசியில் அட்டையையே சுவரிலிருந்து பிய்த்துப் போட்டுவிட்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துத் தரையில் சுருண்டான்.

அவனுக்கு எங்கோ வலிக்கிறது என்று ஜாய்சிக்கு அப்போது புரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வலிக்கு அந்த அட்டையில் படம் இல்லை. வலியை எப்படிப் படம் பிடிப்பது?

சந்தைக்குப் போயிருந்த அமலோற்பவம் அப்போதுதான் வெறும் மீன் கூடையோடு வந்து சேர்ந்தாள். டெனிஸின் அக்கா. அடுத்த வீடு. உவரியில் மீன் எடுத்துத் திசையன்விளைச் சந்தையில் விற்கிறவள். அவள் தெருமுனையில் பேசினால் கடலில் நிற்கிறவனுக்குக் கேட்கும்.

"என்னட்டி, தெருவரைக்கும் சத்தம் கேக்கு? பிள்ளை ஏன் இப்படிக் கத்துதான்?"

"தெரியல மைனி. எங்கயோ வலிக்கு அவனுக்கு."

"எங்கன்னு கேளேன்."

ஜாய்சி பதில் சொல்லவில்லை.

"கோயிலுக்கு வந்த கூட்டத்துல எவ கண்ணாவது பட்டிருக்கும். நேத்து அவனை மணலுக்குக் கூட்டிட்டுப் போனியா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அவன் நெற்றியைத் தொட்ட அமலோற்பவம் சட்டென்று கையை எடுத்தாள். "ஏட்டி, சுடுது. கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. கிளம்பு. நான் ஆட்டோவைக் கூப்பிடுதேன்."

ஜாய்சி ஏன் பதில் சொல்லவில்லை என்பதற்கு அவள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவளுடைய அப்பா உவரிக்காரர். இளவயதில் விசைப்படகு வேலைக்காகக் கொல்லத்துக்குப் பக்கத்திலுள்ள நீண்டகரைக்குப் போனவர், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அப்பாவிடம் தமிழ். அம்மாவிடமும் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் மலையாளம். ஜாய்சி ஜெபம் படித்தது மலையாளத்தில். சண்டை போட்டது மலையாளத்தில். தூக்கத்தில் உளறியதும் மலையாளத்தில்தான் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வாள். நெத்தலி காயப்போட்டால்கூட ஒன்றின் மேல் ஒன்று படாமல், தலையெல்லாம் ஒரே பக்கமாகப் பரப்பி வைப்பாள். "நெத்தலிக்குப் பாய் விரிச்சுத் தூங்க வைக்கா" என்று மூத்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் அவள் காயவைத்த கருவாட்டில் ஒருநாளும் புழு வைத்தது கிடையாது. பிடித்ததை விடமாட்டாள். அந்தக் குணம்தான் பின்னால் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

டெனிஸுக்கு வாழ்க்கைப்பட்டு அப்பாவின் ஊருக்கே வந்து சேர்ந்தாள். மீன்காரியிடமும் ரேசன் கடையிலும் பேசுகிற தமிழ் சீக்கிரமே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஆன்றோ பிறந்தபோது, அவனை மடியில் போட்டுக் கொஞ்ச அந்தத் தமிழ் வரவில்லை. அவனோடு பேசியதெல்லாம் மலையாளம். அவனும் இரண்டு வயதுக்குள் அம்மே, வா, பால் என்று சில வார்த்தைகள் சொன்னான். விழுந்தால், இடித்துக்கொண்டால், அவளிடம் ஓடிவருவான். "எவிடயா மோனே வேதன? அம்ம ஊதித் தராம்" என்பாள். எங்கே மகனே வலிக்கிறது, அம்மா ஊதிவிடுகிறேன் என்று அர்த்தம். அவன் வலிக்கிற இடத்தை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பான். முழங்கை என்றால் முழங்கை. தலை என்றால் தலை. அவள் ஊதுவாள். "சாரமில்லா, சாரமில்லா" என்பாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அவன் திரும்ப ஓடிவிடுவான்.

பிறகு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. கடைசியாகப் போனது அம்மே.

பாலர் பள்ளி ஒன்றில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அதான் காரணம். ரெண்டு பாஷை காதுல விழுந்தா பிள்ளை குழம்பிப் போயிரும். ஒண்ணை விட்டுருங்க" என்றார். அமலோற்பவம் அதைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே நினைச்சேன். நாம பேசுதது ஒண்ணு, இவ பேசுதது ஒண்ணு. பச்சப்பிள்ளை எதைத்தான் பிடிக்கும்?"

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை ஜாய்சி கோயிலுக்குப் போனாள். உவரியில் வேண்டுதல் என்றால் வாய்ப்பேச்சு அல்ல. கொடுப்பது கொடுக்கிறவருக்கு வலிக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஆடு நேர்ந்துவிடுவார்கள். முடி கொடுப்பார்கள். ஆசைப்பட்ட மீனை வருஷக்கணக்கில் தொடாமல் இருப்பார்கள். நேர்ந்ததை மறந்தவர்களைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. ஆட்டைச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போனவரின் வள்ளம் அடுத்த ஆடியில் பாறையில் உடைந்தது என்பார்கள்.

ஜாய்சி யோசித்துப் பார்த்தாள். தன்னிடம் இருப்பதிலேயே தனக்குப் பிரியமானது எது? பிள்ளையைக் குழப்புவதாக எல்லோரும் சொல்வது எது? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. மணலில் முழங்காலிட்டு, என் மகன் வாய் திறந்து பேசும்வரை என் பேச்சை உமக்குத் தந்துவிட்டேன் என்று அந்தோணியாரிடம் சொன்னாள். அதை மலையாளத்தில்தான் சொன்னாள். அவள் பேசிய கடைசி மலையாளம் அதுதான்.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. மற்றவர்கள் டீச்சர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்தார்கள். நீண்டகரையிலிருந்து உடன்பிறந்தவர்கள் போன் பண்ணினால் தமிழிலேயே பதில் சொன்னாள். உனக்கு என்ன திமிரா என்று அவர்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு. ஜெபமாலையை வாய்க்குள்ளேகூடச் சொல்லாமல் மணிகளை மட்டும் உருட்டினாள். ஆன்றோவிடம் சொல்வதற்கு அவளிடம் வா, போ, சாப்பிடு, வேண்டாம் என்ற நான்கைந்து வார்த்தைகள்தான் மிஞ்சின. அவன் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவாள். எங்கே என்று கேட்கமாட்டாள். அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு மொழியில்தான் வரும். கொஞ்ச நாளில் அவனும் வலித்த இடத்தை அவளிடம் கொண்டுவருவதை விட்டுவிட்டான்.

பாளையங்கோட்டையில் எப்சி என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர். படங்கள் கொடுத்துப் பேசவைப்பதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதல் நாளே ஜாய்சியிடம் தெளிவாகச் சொன்னார். "ரெண்டு மொழியால ஆட்டிசம் வராது. ரெண்டு மொழியில வளர்ந்ததால இவன் பேச்சு நின்னும் போகல. உங்க மனசுல எது வருதோ அதுலயே அவன்கிட்டப் பேசுங்க. வீட்டுல மத்தவங்க தமிழ்ல பேசட்டும். படம் எல்லாருக்கும் பொது." ஜாய்சி, "சரி மிஸ்" என்றாள். பல மாதம் கழித்து எப்சி ஒருநாள், "அட்டை செய்யறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல. ஆனா பிள்ளைகிட்ட ஏன் இவ்வளவு குறைச்சுப் பேசுதீங்க?" என்று கேட்டார். அதற்கும் ஜாய்சி, "சரி மிஸ்" என்றுதான் சொன்னாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

திசையன்விளையில் டாக்டர் சத்தியநேசன் பொறுமையான மனுஷன். ஆன்றோவை மேசையில் படுக்கவைக்க முடியாது என்று பார்த்ததும், தானே தரையில் உட்கார்ந்துவிட்டார். காதுப் பக்கம் கை போனதும் ஆன்றோ கத்தினான். வாயைத் திறக்கப் பார்த்ததும் கத்தினான். வயிற்றைத் தொட்டதும் கத்தினான். காலைத் தொட்டாலும் அதே கத்தல்தான்.

"தொட்ட இடமெல்லாம் கத்துதான். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல" என்றார் டாக்டர். "காது, தொண்டைன்னா மருந்து தந்து அனுப்பிருவேன். வயிறுன்னா கதை வேற. இங்க வச்சிருக்கக் கூடாது."

"ஒரு ஊசியைப் போட்டுத் தூங்க வைங்களேன் டாக்டர். பிள்ளை துடிக்கான்லா" என்றாள் அமலோற்பவம்.

"தூங்க வச்சா வலி மறைஞ்சிரும்மா. வலி எங்கன்னு நமக்குத் தெரியாமலே போயிரும். அதான் பயமா இருக்கு." அவர் ஜாய்சியைப் பார்த்தார். "வலிச்சா இவன் எப்படிக் காட்டுவான்? உங்களுக்குத்தானே தெரியும்?"

ஜாய்சி போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எப்சியைக் கூப்பிட்டாள். எப்சியும் அதையேதான் கேட்டார்.

"வலின்னா எப்பவாவது உங்ககிட்டக் காட்டியிருக்கானா ஜாய்சி?"

"சின்னதுல காட்டுவான் மிஸ். ஊதச் சொல்லி என் வாய்கிட்டக் கொண்டு வருவான்."

"இப்போ?"

"இப்போ கொண்டு வாரதில்ல."

"ஏன்?"

"நான் கேக்கிறதில்ல மிஸ்."

எப்சி, "அப்போ இப்போ கேளுங்க. முன்னாடி எப்படிக் கேப்பீங்களோ, ஒரு எழுத்து மாத்தாம அப்படியே கேளுங்க" என்றார்.

உள்ளே வந்தபோது ஆன்றோ மூலையில் சுருண்டு கிடந்தான். இப்போது கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். கத்தலைவிட அது அவளைப் பயமுறுத்தியது.

பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வலிக்கு ஆன்றோ? அம்மா ஊதுதேன்" என்று தமிழில் கேட்டாள். அவன் திரும்பவில்லை. சொற்கள் சரிதான். ஆனால் அவளுக்கே அது யாரோ கேட்பது போல இருந்தது.

அடுத்து அவள் செய்ததை நினைத்துப் பின்னால் அவளே வெட்கப்பட்டாள். வாயைத் திறக்காமல் தப்பிக்கப் பார்த்தாள். உதட்டைக் குவித்து, சும்மா காற்றை மட்டும் ஊதிக் காட்டினாள். பேச்சை மட்டும்தானே நேர்ந்துவிட்டோம், மூச்சை இல்லையே என்று அந்தோணியாரோடு மனசுக்குள் வழக்குப் பேசினாள். ஆன்றோ அவள் உதட்டைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். பிறகு முகத்தைத் தரைக்குத் திருப்பிக்கொண்டான்.

"நேரம் போகுதும்மா" என்றார் டாக்டர்.

நேர்ச்சையை முறித்தால் அது யார் தலையில் விழும்? தன் தலையில் விழுந்தால் விழட்டும். ஆட்டைக் கொடுக்காதவனின் வள்ளம்தான் உடைந்தது, அவன் உடையவில்லை. அப்படியென்றால் அவளுடைய வள்ளம் எது? எதிரே கிடக்கிற இந்தப் பிள்ளைதான். பேசினாலும் அவன்மேல் விழும். பேசாவிட்டாலும் அவன்மேல்தான் விழும். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், எதையோ சாப்பிடப் போகிறவள் மாதிரி.

"எவிடயா மோனே வேதன?"

குரல் கரகரத்தது. அவளுக்கே அடையாளம் தெரியாத குரல்.

"எவிடயா? அம்ம ஊதித் தராம். வா மோனே, அம்ம ஊதித் தராம்."

முனகல் நின்றது. அமலோற்பவம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் கையைக் காட்டி அடக்கினார். ஆன்றோ கடித்த கையை வாயிலிருந்து எடுத்தான். அவள் மறுபடி கேட்டாள். அவன் மெல்லத் தலையைத் தூக்கி அவள் வாயையே பார்த்தான். ரொம்ப நாளைக்கு முன்னால் எங்கோ வைத்துவிட்டு மறந்த பொருளைத் தேடுகிறவன் மாதிரி பார்த்தான். ஜாய்சி நகரவில்லை. தொடவில்லை. மூன்றாம் முறை கேட்டாள்.

அவன் இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்தான். பிடித்து இழுத்தான். தன் நெஞ்சைத் தாண்டி, தொப்புளைத் தாண்டி, அடிவயிற்றில் வலது பக்கமாகக் கொண்டுபோய் அவள் வாயை வைத்தான்.

ஜாய்சி ஊதினாள். "சாரமில்லா, சாரமில்லா" என்று சொல்ல நினைத்தாள். அழுகைதான் வந்தது.

டாக்டர் அந்த இடத்தை மட்டும் பைய அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். ஆன்றோ போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எழுந்துவிட்டார். "குடல்வால் மாதிரி இருக்கு. இனி நிக்கக் கூடாது. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுதேன், பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க."

ஆம்புலன்ஸ் இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி என்று தாண்டிப் போனது. ஜாய்சி பேசிக்கொண்டே இருந்தாள். திறந்த வாயை அவளால் மூட முடியவில்லை. ஆன்றோவின் காதருகே குனிந்து, அவன் குடித்த பாலைப் பற்றி, நீண்டகரைப் பாலத்தைப் பற்றி, அவன் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் தாடையை விடாமல் பிடித்திருந்தான். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயமும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு சொல்லும் கொடுத்ததைத் திருப்பி எடுப்பதுதானே.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆன்றோவை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வராந்தா பெஞ்சில் ஜாய்சியும் கூடவே வந்த அமலோற்பவமும் உட்கார்ந்தார்கள். ஜாய்சியின் உதடு மறுபடி இறுகிப் பூட்டிக்கொண்டது.

"ஏட்டி" என்றாள் அமலோற்பவம், வழக்கத்துக்கு மாறாகச் சின்னக் குரலில். "வழியெல்லாம் உன் பேச்சாவே வந்தியே. மூணு வருஷமா உன் வாயில அதைக் கேக்கலயே. மறந்து போச்சுன்னுல்லா நினைச்சேன்."

"மறக்கல மைனி. நேர்ந்துவிட்டிருந்தேன்."

"எதை?"

"பேச்சை."

அமலோற்பவத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். "பேச்சையா? ஆட்டை நேர்ந்துவிடுவாவ, கோழியை விடுவாவ. எவளாவது பேச்சை நேர்ந்துவிடுவாளாட்டி?"

"நீங்கதான மைனி சொன்னீங்க, ரெண்டு பேச்சு பிள்ளைக்கு ஆகாதுன்னு."

"நான் ஆயிரம் சொல்லுவேன். அழுகின மீனைக்கூட இப்பதான் கரையேறுச்சுன்னு சொல்லி விக்கிறவ நான். என் வாயில வாரதெல்லாம் வேதவாக்கா உனக்கு?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னைக்கு அதை முறிச்சிட்டேன் மைனி. அவனுக்கு எதுனா ஆச்சுன்னா..."

"சும்மா இரு."

"முறிச்சவ நான்தான?"

"சும்மா இருன்னு சொன்னேன்லா." அமலோற்பவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாடை போகாத கை. அவளும் உவரிக்காரிதான். முறிந்த நேர்ச்சை என்றால் அவளுக்கும் பயம்தான்.

டெனிஸ் வந்து சேர்ந்தபோது அவன் சட்டையில் உப்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. கரையில் கால் வைத்ததும் யாரோ சொல்லி, அப்படியே பஸ் ஏறியிருந்தான். "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டான். இருவரும் கதவைக் காட்டினார்கள். அவனும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவு திறந்தது. வெளியே வந்த டாக்டர் முகத்துணியை இறக்கினார். ஜாய்சி அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உள்ள உடைஞ்சிருக்கும். இடத்தைச் சரியாச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. இந்த மாதிரிப் பிள்ளைகள்ல அதுதான் கஷ்டம். யாரு கண்டுபிடிச்சது?"

"அவனேதான் சார் சொன்னான்" என்றாள் ஜாய்சி.

ஆன்றோ வீடு திரும்பிய பிறகும் அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதி இல்லை. பிள்ளை பிழைத்துவிட்டான், சரி. கணக்குத் தீர்ந்ததா என்று தெரியவில்லையே. ஒரு நாள் பங்குச்சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அமலோற்பவமும் கூடவே போய், கூப்பிடாமலேயே உள்ளே நின்றாள்.

சாமியார் கேட்டு முடித்துவிட்டு, "அந்தோணியார் இறந்து எத்தனையோ நூறு வருஷமாச்சு. அவர் உடம்புல எது அழியாம இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

"நாக்கு, சாமி."

"மனுஷன் கேக்காட்டா மீனுக்காவது சொல்லுவேன்னு கடற்கரையில நின்னு பிரசங்கம் வச்சவர். அவர்கிட்டப் போயி, நான் என் பிள்ளையோட பேசமாட்டேன், இதை வாங்கிக்கிடும்னு சொல்லியிருக்கே. அவர் அதை எங்கன கொண்டு வைப்பாரு?"

"அதைத்தான் சாமி நானும் கேக்கேன்" என்றாள் அமலோற்பவம்.

"நீ கொஞ்சம் பேசாம இரும்மா" என்ற சாமியார் ஜாய்சியிடம் திரும்பினார். "இந்த நேர்ச்சையை நான் மாத்தித் தாரேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டு. அந்தோணியார் திருநாள் ஜூன் பதிமூணு, அதனால பதிமூணு பேருக்கு அசனச் சோறு போடு. சோறு பரிமாறும்போது வாயை மூடிக்கிட்டு நிக்காத. பேசிக்கிட்டே போடு."

அசனச் சோற்றுக்கு அமலோற்பவம்தான் குழம்பு வைத்தாள். கேரளத்திலிருந்து கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பமும் பந்தியில் உட்கார்ந்தது. ஜாய்சி அவர்களிடம் மலையாளத்தில் ஊர், பேர் விசாரித்துக்கொண்டே பரிமாறினாள். ஆனாலும் இடையிடையே கோயில் கோபுரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பழக்கம் அத்தனை சுலபத்தில் போகுமா?

எப்சி சொல்லித்தான் அட்டையில் புதிதாக ஒரு படம் ஏறியது. வலிக்கு ஒரு படம். உதட்டைக் குவித்து ஊதுகிற ஜாய்சியின் வாய். டெனிஸ் எடுத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் முதலில் எடுத்ததெல்லாம் ஆடிப்போய், பிறகு ஒழுங்காக ஒன்று வந்தது. "இது உங்களுக்கு மட்டும்னு இருக்கக் கூடாது. யார்கிட்டக் கொடுத்தாலும், அவங்க எந்த மொழியில கேட்டாலும், அவன் இடத்தைக் காட்டணும். அவன் வேற யார்கிட்டயாவது கொண்டு போனா, நீங்க குறுக்க விழுந்து உதவி பண்ணிராதீங்க" என்றார் எப்சி. ஜாய்சி அந்தப் படத்தின் மூலைகளையும் வட்டமாக நறுக்கினாள்.

ஆன்றோ இன்னும் பேசவில்லை. ஜாய்சி இப்போது அவனோடு ஓயாமல் பேசுகிறாள். டெனிஸ் தமிழில் பேசுகிறான். ஆன்றோ குழம்பியதாகத் தெரியவில்லை. புதிய படம் மட்டும் மாதக்கணக்கில் தொடாமலேயே அட்டையில் கிடந்தது.

ஒரு சாயங்காலம் அமலோற்பவம் இவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியே மணலில் நடந்துகொண்டிருந்த ஆன்றோ ஒற்றைக்காலில் தாவித் தாவி உள்ளே வந்தான். நேரே அட்டைக்குப் போனான். அடுப்படியில் நின்ற ஜாய்சி அதைப் பார்த்துவிட்டாள். அவன் அந்தப் புதிய படத்தை எடுத்தான். அவளைத் தாண்டி வாசலுக்குப் போய், மீன் சட்டிக்கும் அமலோற்பவத்தின் மடிக்கும் நடுவில் அதை வைத்தான்.

ஜாய்சி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். எவிடயா என்பது தொண்டை வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்கனலே வலிக்கு?" என்றாள் அமலோற்பவம்.

அவன் அசையாமல் நின்றான்.

அமலோற்பவம் ஒருமுறை ஜாய்சியைப் பார்த்தாள். ஜாய்சி தலையை அசைத்து, மாட்டேன் என்றாள். அமலோற்பவம் கத்தியைக் கீழே வைத்தாள். படத்தில் இருப்பதைப் போலவே உதட்டைக் குவித்தாள். இத்தனை வருஷமாகச் சந்தையில் கத்திக் கத்திக் கரடுதட்டிய குரலைத் தன்னால் முடிந்த மட்டும் தாழ்த்தி, "எங்கன வலிக்குய்யா? அத்தை ஊதுதேன்" என்றாள்.

ஆன்றோ வலது காலைத் தூக்கி அவள் மடியில், சாளைச் செதிலுக்கு நடுவில் வைத்தான். குதிகாலில் நெருஞ்சி முள்.

அவள் முள்ளை எடுத்தாள். பிறகு ஊதினாள், அடுப்புக்கு ஊதுகிற மாதிரி ஒரு ஊது. ஜாய்சியைப் பார்த்து, "ஏட்டி, இதுக்கு அப்புறம் என்னமோ சொல்லுவியே, அதை எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"சாரமில்லா."

"சாரமில்லா" என்றாள் அமலோற்பவம், ஏலம் கூறுகிற குரலில். "சாரமில்லாலே, சாரமில்லா!"

ஆன்றோ காலை இழுத்துக்கொண்டான். படத்தை எடுத்துக்கொண்டுபோய், அட்டையில் அதன் இடத்திலேயே ஒட்டி, விரலால் நன்றாக அழுத்திவிட்டு மணலுக்கு ஓடினான். படத்தில் ஜாய்சியின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு மீன் செதில் மினுங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.